கண்டது சரி, பிடித்தாயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் போன வாரம் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். செயற்கை நுண்ணறிவு லட்சக்கணக்கில் புதுப் பொருள்களைக் கண்டுபிடித்துவிட்டது, இனி சிலிக்கானுக்கு வேலையில்லை, சூரிய மின்சாரம் தண்ணீர்பட்ட பாடாகிவிடும் என்கிற ரீதியில் இருந்தது. முதல் தடவை படித்தபோது சந்தோஷம்தான், இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள் ரொம்பக் குறைவு. இரண்டாம் தடவை படித்தபோது 'கண்டுபிடித்தது' என்ற ஒரே சொல் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுரையில் அது பதினான்கு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். (வேலையில்லாதவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.)

தமிழில் அது நல்ல சொல். காண்பது ஒன்று, பிடிப்பது ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் கண்டுபிடிப்பு. நீங்கள் எழுதியிருக்கும் லட்சக்கணக்கான பொருள்களில் மிகப் பெரும்பாலானவை காணப்பட்டவை மட்டுமே, அதுவும் கணினித் திரையில். பிடித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டதால் கட்டுரையைப் படித்த என் நண்பர் ஒருவர், வீட்டுக்குச் சோலார் பேனல் வாங்குவதை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாமா என்று என்னிடம் கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்கள் இதே வேலையைச் செய்தவன். சூரிய ஒளியை மின்சாரமாக்க எந்தப் படிகம் உதவும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பட்டியல் தயாரிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது அந்தத் துறையில் இல்லை. அதனால் ஓரளவு பாசத்தோடும் ஓரளவு வயிற்றெரிச்சலோடும் எழுதுகிறேன், இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு பொருள் சூரிய மின்கலத்துக்கு ஆகுமா என்று பார்க்கும்போது முதலில் கேட்பது அதன் ஆற்றல் இடைவெளி எவ்வளவு என்பதைத்தான். ஆய்வகத்தில் எல்லோரும் பேண்ட் கேப் என்றுதான் சொல்வோம். குறைக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் கீழ்த்தளத்தில் கட்டுண்டு கிடக்கும், மேல்தளத்துக்குப் போனால்தான் ஓட முடியும், நடுவில் படிக்கட்டு கிடையாது, ஒரே தாவலில் ஏற வேண்டும். வந்து விழும் ஒளித்துகளிடம் அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் இல்லையென்றால் அது பொருளைத் தாண்டிப் போய்விடும், தேவைக்கு மேல் இருந்தால் உபரி எல்லாம் சூடாகி வீணாகும். ஆக, இடைவெளி பெரிதாக இருந்தாலும் நஷ்டம், சிறிதாக இருந்தாலும் நஷ்டம். இந்த வரவுசெலவை 1961-இல் ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு பொருளால் ஆன மின்கலம் சாதாரண வெயிலில் ஏறத்தாழ 33 சதவீதத்தைத் தாண்ட முடியாது, அதற்கு இடைவெளி சுமார் 1.34 எலக்ட்ரான் வோல்ட்டாக (இந்தத் தாவலை அளக்கும் அலகு அது) இருந்தால் உத்தமம் என்பது அந்த வழியில் வந்த கணக்கு. சிலிக்கானுக்கு 1.1. பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் அதை ஏதோ தவறான தேர்வு மாதிரி உங்கள் கட்டுரை பேசுவது நியாயமில்லை. அதன் குறை வேறு, அது ஒளியை மெதுவாகத்தான் விழுங்கும். அதனால் நூற்றைம்பது மைக்ரான் போலத் தடிமன் வேண்டியிருக்கிறது, அவ்வளவு தூரமும் எலக்ட்ரான் தடுக்கி விழாமல் ஓட வேண்டும் என்பதால் மகா சுத்தமான படிகமும் வேண்டியிருக்கிறது. ஒளியை வேகமாக விழுங்குகிற பொருள் கிடைத்தால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமே போதும். புதுப் பொருளைத் தேடி எல்லோரும் அலைவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

சரி, தேடுவது எங்கே? நான்கு தனிமங்களைச் சேர்த்து எத்தனை விதமான சேர்மங்கள் எழுதலாம் என்று பார்த்தால், மின்சுமை சமன்பட வேண்டும் என்பது போன்ற வேதியியல் விதிகளால் வடிகட்டிய பிறகும் ஆயிரம் கோடிக்கு மேல் மிஞ்சும். இதுவரை மனிதர்கள் செய்து அமைப்பை அளந்து பதிவேட்டில் ஏற்றிய கனிமப் படிகங்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம். ஒவ்வொன்றாக உலையில் போட்டுப் பார்த்தால் யுகங்கள் போதாது, ஆகவே கணினி. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

கணினி செய்கிற கணக்கின் வேர் 1964, 65-இல் இருக்கிறது. ஒரு படிகத்தில் உள்ள அத்தனை எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஆடும் ஆட்டத்தை நேராகத் தீர்க்க யாராலும் முடியாது. ஹோஹன்பர்க், கோன், ஷாம் மூவரும் சொன்னது இது: ஒவ்வொரு எலக்ட்ரானையும் துரத்தாதே, எந்த இடத்தில் எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், மொத்த ஆற்றலையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். வால்டர் கோனுக்கு இதற்காக 1998-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எங்கள் பேச்சில் இதற்கு டிஎஃப்டி என்று பெயர். 2011-இல் பெர்க்லி ஆய்வகத்தில் கிறிஸ்டின் பெர்சன் தலைமையில் தொடங்கிய மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்கிற தளத்தில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது சோறு போட்ட தளம், நன்றி மறக்கக்கூடாது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பழைய ஓட்டை. அடர்த்தியிலிருந்து ஆற்றலை எடுக்கும் சூத்திரத்தில் ஒரு பகுதி யாருக்கும் முழுசாகத் தெரியாது, தோராயமாகத்தான் போடுகிறோம். வழக்கமான தோராயத்தில் போட்டால் சிலிக்கானின் இடைவெளி 1.1-க்குப் பதில் 0.6 என்று வரும். ஜெர்மேனியத்துக்கு இடைவெளியே இல்லை, அது உலோகம் என்று வரும்! சூரிய மின்கலத்துக்கு முதல் கேள்வியே இடைவெளிதான் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த முதல் கேள்விக்கே இந்தக் கதி. இதைவிடத் துல்லியமான முறைகள் இருக்கின்றன, ஆனால் அவை பல மடங்கு செலவு பிடிக்கும், லட்சம் பொருளுக்குப் போட முடியாது. அதனால் மலிவான கணக்கில் முதல் சலிப்பு, தேறியவற்றுக்கு மட்டும் விலை உயர்ந்த கணக்கு என்று போவோம். மலிவான சல்லடையில் தவறிக் கீழே விழுந்த நல்ல பொருளை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஈயமும் அயோடினும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் பொருள் (பெரோவ்ஸ்கைட் என்பது அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒரு விதத்தின் பெயர்) இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறதே, அதற்கு மலிவான முறையில் கணக்குப் போட்டால் இடைவெளி 1.6 என்று அச்சுக் குத்தினாற்போல வரும், சோதனையில் அளந்ததும் அதேதான். ஆகா, இந்தப் பொருளுக்குச் சின்னக் கணக்கே போதும் என்று பலரும் மகிழ்ந்தார்கள். அப்புறம் யாரோ நினைவுபடுத்தினார்கள், ஈயம் கனமான அணு, அதில் எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் பாதைக்கும் உள்ள உறவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும் என்று. சேர்த்தார்கள். இடைவெளி பாதிக்கும் கீழே சரிந்தது. அதாவது ஒரு தவறு எண்ணைக் கீழே இழுத்திருக்கிறது, இன்னொரு தவறு அதே அளவுக்கு மேலே தள்ளியிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்று சரியான விடை போல நின்றிருக்கிறது. துல்லியமான முறையில் இரண்டையும் திருத்திப் போட்டபோது மறுபடி 1.6 பக்கம் வந்தது என்பது வேறு கதை. விடை சரியாக வந்தால் வழியும் சரி என்று நம்பக்கூடாது என்பதை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, இங்கேதான்.

இப்போது உங்கள் கட்டுரையின் தலைப்பில் இருந்த எண்ணுக்கு வருகிறேன். 2023 நவம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவான டீப்மைண்ட் குழு வெளியிட்ட ஆய்வில் 22 லட்சம் புதுப் படிக அமைப்புகள் சொல்லப்பட்டன, அதில் சுமார் 3,80,000 மிக உறுதியானவை. எண் சரிதான். ஆனால் உறுதியானவை என்றால் என்ன பொருள்? ஒரு சேர்மம் தன்னுடைய தனிமங்களாகவோ அக்கம்பக்கத்துச் சேர்மங்களாகவோ உடைந்துபோனால் ஆற்றல் மிச்சமாகுமா என்று பார்க்கிறார்கள், மிச்சமாகாது என்றால் அது உறுதியானது. இந்தக் கணக்கு தனிச்சுழி வெப்பநிலையில் போடுவது, அதாவது எல்லா அணுவும் அசையாமல் அவரவர் இடத்தில் நிற்கும் உலகத்தில். நம் உலைகள் அங்கே இல்லை. சீசியம், ஈயம், அயோடின் சேர்ந்த படிகம் ஒன்று இருக்கிறது, சூடான நிலையில் அது கறுப்பு, வெயிலை அருமையாக விழுங்கும். ஆறவிட்டால் அதே பொருள் மஞ்சளாகி எதற்கும் உதவாமல் போய்விடும். சூத்திரம் ஒன்றுதான், அணுக்களின் அடுக்கு மட்டும் மாறுகிறது. மறுபக்கம், உறுதியில்லாதது என்று கணக்கு சொல்வதெல்லாம் கிடைக்காது என்றும் இல்லை, வைரமே அப்படிப்பட்டதுதான். பதிவேட்டில் உள்ள தெரிந்த கனிமப் படிகங்களில் ஏறக்குறைய பாதி இந்தக் கணக்குப்படி முழு உறுதி இல்லாதவை என்று 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, இந்தச் சல்லடை இரண்டு பக்கமும் ஒழுகும்.

இன்னொன்று, 3,80,000 என்பதில் எத்தனை சூரிய மின்கலத்துக்கு ஆகும்? அந்த ஆய்வின் நோக்கமே அது இல்லை. உறுதியா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. உறுதியான பொருள்களில் பெரும்பாலானவை வெயிலைப் பொறுத்தவரை வெறும் கல். அந்த ஆய்விலேயே, தாங்கள் சொன்ன அமைப்புகளில் 736 பொருள்களை வேறு வேறு ஆய்வகத்துக்காரர்கள் தனியாக ஏற்கனவே செய்திருக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தார்கள். உங்கள் கட்டுரையில் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டிய எண் அதுதான் என்பது என் கட்சி. அதே சமயத்தில் பெர்க்லியில் ஒரு தானியங்கி ஆய்வகம் 58 இலக்குகளில் 41-ஐ 17 நாளில் மனிதக் கை படாமல் செய்துவிட்டதாக அறிவித்தது. கொஞ்ச நாளிலேயே வேதியியலாளர்கள், செய்த பொருளின் அணு அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே படங்களை எடுத்து அலசி, இவற்றில் பல ஏற்கனவே தெரிந்த பொருள்கள், கணக்கில் ஒழுங்காக அடுக்கியிருக்கும் அணுக்கள் நிஜத்தில் கலந்து கிடக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எதிர்த்தார்கள். ஒழுங்கான அடுக்கு ஒன்றைக் கணினி புதுப் பொருள் என்கிறது, அதன் கலைந்த வடிவம் பல காலமாகப் பதிவேட்டில் கிடக்கிறது. இந்த மறுபக்கத்துக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

செய்வது பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. ஒரு வருஷம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்து, கடைசியில் பதினொன்று தேறியது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, உலை வைத்துப் பொருள் செய்கிற மூத்தவர் ஒருவரிடம் பெருமையாகப் போனேன், எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். பேனாவை எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். இதில் தாலியம் இருக்கிறது, விஷம், நான் தொடமாட்டேன். இது காற்றில் உள்ள ஈரம் பட்டாலே கரைந்துவிடும். இதை மூடிய குவார்ட்ஸ் குழாயில் சூடாக்கினால் பாஸ்பரஸ் ஆவி அழுத்தத்தில் குழாய் வெடிக்கும், யார் முகத்தில் தெறிப்பது? இதை வேறொருவர் செய்துவிட்டார், பெயர்தான் வேறு. இப்படியே போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. "ஏன் தம்பி, இதுல எதைச் சமைக்க முடியும்னு ஒரு வார்த்தை முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமே?" என்றார். மிஞ்சிய ஒன்றை மூன்று மாதம் முயன்றார். ஒவ்வொரு தடவையும் குழாயை உடைத்தால் எங்கள் பொருள் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சாதாரணச் சேர்மங்கள் கலந்து கிடந்தன. அந்த இரண்டுக்கும் எங்கள் பொருளுக்கும் கணக்கில் இருந்த ஆற்றல் வித்தியாசம் மயிரிழை. அந்த மயிரிழையை நம்பித்தான் ஒரு வருஷம் ஓடியிருக்கிறது.

எந்த உப்பைச் சேர்த்து, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்பதைக் கணினி சொல்லாது, இன்னும் அந்தப் பக்கம் பெரிய முன்னேற்றம் இல்லை. பேரியம், சிர்கோனியம், கந்தகம் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் கிடையாது, ஒளியைப் பிரமாதமாக விழுங்கும், ஈரத்துக்கு அசையாது, கணக்கில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. செய்வதற்கு வழக்கமாக 900, 1000 டிகிரி செல்சியஸ் என்று போக வேண்டியிருந்தது, அந்தச் சூட்டில் மின்கலத்தின் மற்ற அடுக்குகள் ஒன்றும் மிஞ்சாது. சூட்டைக் குறைக்கப் பல குழுக்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகின்றன.

அப்படியே செய்துவிட்டாலும் பெரிய கண்டம் அதற்கு மேல்தான் வருகிறது. குறைபாடுகள். உங்கள் கட்டுரையில் இந்தச் சொல்லே இல்லாததுதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம், ஏனென்றால் ஒரு பொருள் மின்கலமாகப் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். கணினி போடுவது பழுதே இல்லாத படிகம். நிஜப் படிகத்தில் சில இடங்களில் அணு இருக்காது, சில இடங்களில் ஆள் மாறி உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு பழுது, ஆற்றல் இடைவெளியின் நட்டநடுவில் ஒரு குழியை உண்டாக்கினால், ஓடுகிற எலக்ட்ரான் அதில் விழுந்து, விட்டுவந்த காலியிடத்தோடே போய்ச் சேர்ந்துவிடும். மின்சாரம் வராது, சூடுதான் வரும். லட்சம் அணுவுக்கு ஒன்று என்றால்கூட அது பயங்கரமான எண்ணிக்கை.

செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம், இந்த நான்கும் சேர்ந்த பொருளின் கதை இதற்கு நல்ல சாட்சி. பூமியில் தாராளமாகக் கிடைக்கும் தனிமங்கள், நஞ்சு இல்லை, இடைவெளி கச்சிதம், அரிய தனிமமான இண்டியம் தேவையில்லை. காகிதத்தில் இதற்கு நிகரே கிடையாது. கந்தகத்தோடு செலீனியமும் சேர்த்து 2013 வாக்கில் 12.6 சதவீதத்தைத் தொட்டது, அப்புறம் ஏறக்குறைய ஒரு பத்தாண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இண்டியம் வைத்த அதன் அண்ணன் பொருள் 23 சதவீதத்தைத் தாண்டிப் போய்விட்டது. காரணம், செம்பும் துத்தநாகமும் தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், உருவமும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறார். அதோடு வெள்ளீயமும் இடம் மாறி உட்கார்ந்து ஆழமான குழிகளைத் தோண்டுகிறது. இதைச் சொன்னதும் கணினிக் கணக்குகள்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்தக் கணக்கை ஒரு பொருளுக்குப் போடுவதற்கே நூறு, இருநூறு அணுக்கள் கொண்ட பெரிய பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும், அணு எண்ணிக்கை இரட்டித்தால் வேலை எட்டு மடங்காகும். லட்சம் பொருளுக்கு எப்படிப் போடுவது? போடமாட்டார்கள். முதல் சல்லடையில் அதை விட்டுவிடுவார்கள், நீங்கள் தலைப்புப் போட்டுவிடுவீர்கள்.

இயந்திரக் கற்றல் இதையெல்லாம் வேகமாகச் செய்யுமே என்று கேட்கலாம். வேகம் உண்மைதான், ஆயிரம் மடங்கு வேகம்கூட வரும். ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது நான் மேலே சொன்ன அதே மலிவான கணக்குகள்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வெற்றிபெற்ற பொருள்களின் விவரம்தான் ஆய்விதழ்களில் அச்சாகிறது, எங்கள் அண்ணன் மூன்று மாதம் உடைத்த குழாய்களைப் பற்றி எந்த இதழும் ஒரு வரி போடவில்லை. எது நடக்காது என்று யாருமே எழுதிவைக்காத உலகத்தில் இயந்திரம் அதை எங்கே போய்க் கற்கும்?

உள்ளபடி சொன்னால், இந்தத் துறையைப் புரட்டிப்போட்ட பொருள் எதுவும் பெரும் சல்லடையிலிருந்து வரவில்லை. பெரோவ்ஸ்கைட் மின்கலம் 2009-இல் ஜப்பானில் மியாசகா குழுவிடமிருந்து வந்தது, 3.8 சதவீதம், அதுவும் திரவம் ஊற்றிய மின்கலத்தில் ஒளியை விழுங்கும் சாயத்துக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தது. 2012-க்குள் 10 சதவீதத்துப் பக்கம், இன்று தனியாக 26-க்கு மேல், சிலிக்கான் மீது அடுக்கினால் 34-க்கும் மேல். இந்தப் பொருளில் ஏன் பழுதுகள் பெரிய கேடு செய்வதில்லை என்று கணக்கு விளக்கியது அதற்குப் பிறகு. கரிமப் பொருள்கள் பக்கம் பார்த்தாலும் அதே கதை. ஹார்வர்டில் அஸ்புரு-குசிக் குழு உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளைச் சேர்த்துக்கொண்டு 23 லட்சம் மூலக்கூறுகளுக்குக் கணக்குப் போட்டது, அழகான முயற்சி, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆனால் கரிம மின்கலங்களைத் தூக்கிவிட்ட ஒய்-6 என்கிற மூலக்கூறு 2019-இல் சீனாவில் வேதியியலாளர்கள் கைப்பழக்கத்தில் வடிவமைத்துச் செய்தது.

அப்படியானால் கணினியில் தேடுவதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. அங்கேதான் உங்கள் கட்டுரை நல்ல செய்தியைக் கோட்டைவிட்டுவிட்டது. 2024-இல் ஒரு ஆய்வு வந்தது, டார்ட்மவுத்தில் ஓட்டியே குழுவும் வேறு சில பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்தது. ஏறத்தாழ 40,000 கனிமப் பொருள்களைச் சலித்தார்கள். இடைவெளி, ஒளி விழுங்கும் திறன் ஆகியவற்றோடு நிற்காமல், தேறியவற்றுக்குக் குறைபாட்டுக் கணக்கையும் சேர்த்துப் போட்டார்கள். மிஞ்சியது பேரியம், காட்மியம், பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு பொருள், இடைவெளி ஏறக்குறைய 1.46. அதைப் பொடியாகச் செய்தும் பார்த்தார்கள், காற்றிலும் தண்ணீரிலும் சேதமில்லாமல் நின்றது, தாவிய எலக்ட்ரான்கள் 30 நானோ விநாடி வரை உயிரோடு இருந்தன, பக்குவம் செய்யாத வெறும் பொடிக்கு அது பெரிய விஷயம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அது புதுப் பொருளே இல்லை, பல வருஷத்துக்கு முன் யாரோ செய்து பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போனது, வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதில் காட்மியம் இருக்கிறது, மின்கலமாக எவ்வளவு சதவீதம் தரும் என்பதெல்லாம் இனிமேல் பார்க்க வேண்டியது. ஆனாலும் கண்டதோடு நிற்காமல் கையிலும் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளிபட்டால் தண்ணீர் பிரிகிறது என்று காட்டியதிலிருந்து அதற்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், அந்த ஆக்சைடு புற ஊதாக் கதிரை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், வெயிலில் அது சொற்பம். டென்மார்க்கில் ஒரு குழு 2012-இல் சுமார் 19,000 பெரோவ்ஸ்கைட் சூத்திரங்களைச் சலித்துச் சில பத்தே மிச்சம் என்றது. 2017-இல் கால்டெக்கும் பெர்க்லி ஆய்வகமும் வனேடியம் கலந்த ஆக்சைடுகளை ஒரு கையால் கணக்கிட்டு மறு கையால் செய்து பார்த்து 12 புது ஒளிமின்வாய்களை, அதாவது ஒளிபட்டால் தண்ணீரைப் பிரிக்க உதவும் மின்வாய்ப் பொருள்களை, வெளியிட்டன. அதற்கு முந்தைய நாற்பது வருஷங்களில் கிடைத்தவை கொஞ்சம்தான் என்பதால் 12 என்பது பெரிய எண். 22 லட்சம் பக்கத்தில் வைத்தால் தலைப்பாகாது, அதுதான் சிக்கல்.

இந்த இரண்டு நல்ல உதாரணங்களிலும் கணக்குப் போடுகிறவரும் உலை வைக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் பட்டியலை முடித்துவிட்டு அண்ணனிடம் போனேன், அவர்கள் தொடங்கும்போதே போயிருக்கிறார்கள்.

அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால், அனுப்பியவரிடம் தயவுசெய்து கேளுங்கள்: இதை யாராவது செய்தார்களா, செய்தது அதுதான் என்று எப்படித் தெரியும், வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கியது, எத்தனை சதவீதம் கிடைத்தது. பதில் இல்லையென்றாலும் செய்தியைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, 'கணித்தது' என்று போடுங்கள். தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது, இடமும் குறைச்சல்தான் பிடிக்கும். பேனல் வாங்க நினைத்திருந்த என் நண்பருக்கு, சிலிக்கானையே வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சின்னத் திருத்தமும் போட வேண்டும். கட்டுரையோடு 'எதிர்காலத்தின் பெரோவ்ஸ்கைட் படிகம்' என்று ஒரு படம் வந்திருந்தது, இரண்டு நிறத்தில் உருண்டைகள் மாறி மாறி அடுக்கியது. பெரோவ்ஸ்கைட்டில் மூன்று விதமான இடங்கள் இருக்கும். நீங்கள் போட்டது சமையல் உப்பு.

தங்கள் வாசகன்